பூல் வில்லாவில் இரண்டு ராத்திரி: மயிலாடுதுறையில் என்னைக் கேட்ட கேள்விகள்

போன மாசியில் நாங்கள் எட்டுப் பேர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர ரிசார்ட் ஒன்றில், தனி நீச்சல் குளம் உள்ள வில்லா எடுத்து இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், பத்து வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அப்பா அம்மா, தம்பி, என் மாமியார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், கீழேயும் அப்படியே வரும். திரும்பி வந்த நாளிலிருந்து காதுகுத்து வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் இதே கேள்விகள். பாதிப் பேர் போக நினைத்துக் கேட்கிறார்கள், பாதிப் பேர் என்ன செலவானது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பூல் வில்லா என்றால் என்ன? ரிசார்ட்டில் எப்படியும் நீச்சல் குளம் இருக்குமே?

அது எல்லோருக்கும் பொதுவான குளம். பூல் வில்லாவில் படுக்கையறைக் கதவைத் திறந்தால் நம் முற்றம் மாதிரி ஒரு இடம், அதில் நமக்கு மட்டும் ஒரு குளம், சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் மதில். நேரக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. சில இடங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் இறங்கக் கூடாது என்பார்கள், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘பிளஞ்ச் பூல்’ என்று போட்டிருந்தால் அது முங்கி எழுவதற்கான தொட்டிதான், நீந்த முடியாது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளவாகக் கேட்டு வாங்குங்கள். படத்தை நம்பாதீர்கள். படம் எடுக்கிறவர் தரையோடு படுத்து எடுத்தால் மாட்டுத்தொட்டியும் வீராணம் ஏரி மாதிரி தெரியும்.

அவ்வளவு காசு கொடுத்து ஒரு தொட்டியில் இறங்கணுமா? காவிரியில் இல்லாத தண்ணீரா?

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். பெரியப்பா, பால்காரர், என் தம்பியின் நண்பர்கள் இருவர். பெண்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

காவிரியில் தண்ணீர் எத்தனை மாதம் இருக்கிறது என்பதை விடுங்கள். மேட்டூரில் ஜூன் 12 திறந்து, அது கல்லணை தாண்டி நம் பக்கம் வரும்போது, தண்ணீர் இருக்கிற நாளிலும் அதில் யார் இறங்குகிறார்கள்? மதகு மேல் ஏறிக் குதிக்கிறவர்கள் பையன்கள். எங்கள் தெருவில் நானும் பத்து வயது வரை வாய்க்காலில் கிடந்தவள்தான். வயதுக்கு வந்ததும் ‘போதும், வீட்டுல குளி’ என்று சொல்லிவிட்டார்கள். யாரும் அதட்டிச் சொல்லவில்லை, அடித்துச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் போகவில்லை, அவ்வளவுதான். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் நின்று காதோலை கருகமணி விடுவோம், காலை நனைப்போம், கரையேறிவிடுவோம்.

பூல் வில்லாவில் நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு இல்லை, அந்த மதிலுக்கு. உங்கள் வீட்டில் மதில் தேவைப்படாதவர்கள் மட்டும் போவதாக இருந்தால் பொதுக் குளம் உள்ள சாதாரண ரூம் போதும். காசு மிச்சம்.

சரி, எவ்வளவு ஆச்சு?

இரண்டு படுக்கையறை வில்லா, ஒரு ராத்திரிக்கு 26,000 ரூபாய், காலை டிபன் சேர்த்து. ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அது 4,680. ஆக 30,680, இரண்டு ராத்திரிக்கு 61,360. கூடுதல் படுக்கை, மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு, டீசல் எல்லாம் தனி. நாங்கள் மூன்று வீட்டுக் காசைப் போட்டுப் போனோம், அதனால் தாங்கியது.

விளம்பரத்தில் தெரியும் தொகை வரி இல்லாத தொகை. ‘எல்லாம் சேர்த்து கடைசி பில் எவ்வளவு வரும்?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடங்களில் சாப்பாட்டு பில்லிலும் 18 சதவீதம் வரும். நம்மூர் ஓட்டலின் 5 சதவீதக் கணக்கோடு போனால் பில்லைப் பார்த்ததும் தலை சுற்றும்.

எப்போது போகலாம்?

மாசிதான் என் ஓட்டு. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் நாலு காசு புரளும் நேரம். வெயில் ஏறியிருக்காது, மழையும் இருக்காது. வார நாளில் போனால் வாடகை குறையும். நாங்கள் செவ்வாய், புதன் தங்கினோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். இடி மின்னல் வந்தால் குளத்தை விட்டு ஏறத்தான் வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை திரும்ப இறங்கக் கூடாது. புயல் சின்னம் உருவானால் பயணமே ரத்து. டிசம்பர் கடைசி வாரத்தில் வாடகை எகிறும், போதாததற்குப் புத்தாண்டு விருந்து என்று தலைக்கு ஒரு தொகையைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். சித்திரை, வைகாசியில் கூரையில்லாத குளத்துத் தண்ணீர் மத்தியானம் வெதுவெதுப்பாகிவிடும். விடியற்காலையிலும் சாயங்காலத்துக்குப் பின்னும்தான் சுகம்.

நம்ம தரங்கம்பாடியிலேயே தங்கலாமே? அதுவும் கடல்தானே?

தங்கலாம், தங்கியும் இருக்கிறேன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய கரை, கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோவில், எல்லாம் ஒரு பத்து நிமிட நடைக்குள். பழைய பங்களாவில் தங்கி, ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அலைச் சத்தம் கேட்பதற்கு ஈடு கிடையாது. பூல் வில்லா அனுபவம் அது இல்லை, அவ்வளவுதான். மதில் போட்ட குளம் வேண்டும் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போக வேண்டும். புதுச்சேரி நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ., மாமல்லபுரம் ஏறக்குறைய 200. காலை எட்டு மணிக்குக் கிளம்பி, சிதம்பரத்தில் டிபன் முடித்து, நிறுத்தி நிறுத்திப் போனால் இரண்டு மணி செக்-இன்னுக்குச் சரியாக இருக்கும். அதற்கு முன் போனால் வரவேற்பறையில் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்.

கடல் எவ்வளவு பக்கம்? ‘பிரைவேட் பீச்’ என்று போட்டிருக்கிறார்களே?

கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை. ரிசார்ட்டிலிருந்து கடற்கரைக்கு நேராக ஒரு வழி இருக்கிறது என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். மணலில் வலை உலர்த்தும் மீனவரைப் பார்த்து ‘இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்’ என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வில்லாக்காரர் கேட்டார். அந்தப் பெரியவர் பதில் பேசாமல் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் கூசியது.

வில்லாவிலிருந்து கடல் தெரிந்தாலும் நடக்க வேண்டியிருக்கும். அதற்குச் சட்டமே காரணம். 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் அலை உச்சக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லை) முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை போட்டது. 2011இலும் 2019இலும் அறிவிக்கை மாறியது. மக்கள் நெருக்கம் அதிகமான கிராமப்புறங்களுக்கு 2019இல் அந்த 200ஐ 50 ஆக்கினார்கள். ஆகவே கதவைத் திறந்தால் அலை என்று யாராவது சொன்னால் ஒரு முறைக்கு இரண்டு முறை விசாரியுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். நம் கிழக்குக் கரையில் அலை உடைந்து திரும்பும் இடத்தில் உள்ளே இழுக்கும் ஓட்டம் உண்டு, நன்றாக நீந்துகிறவர்களையும் கொண்டுபோய்விடும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் கரைதான் வேண்டும் என்றால் சென்னைக்குப் பக்கத்துக் கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் இருக்கின்றன. சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று இரண்டுக்கும் 2021இல் கிடைத்தது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். ராத்திரி மணலில் நடந்தால் செல்போன் விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சம் அதுகளைக் குழப்பும்.

சுனாமி பயம் இல்லையா?

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன 2004ஐப் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. என் அத்தை முதலில் வரமாட்டேன் என்றதே இதனால்தான். அன்றைக்கு நமக்கு எச்சரிக்கை சொல்ல அமைப்பு எதுவும் இல்லை. 2007இலிருந்து ஐதராபாத்தில் இந்தியாவுக்கான சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. போனதும் ரிசார்ட்டில் ‘கடல் உள்வாங்கினால் எந்த வழியாக மேட்டுக்குப் போவது?’ என்று கேளுங்கள். எங்களுக்கு வரவேற்பறைப் பெண் ஒரு வரைபடமே காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அத்தை பெட்டியைத் திறந்தார்.

வெளியிலிருந்து யாராவது பார்ப்பார்களா?

இதுதான் நீங்கள் அதிகம் விசாரிக்க வேண்டிய விஷயம். காசு கொடுப்பதே இதற்குத்தான் என்று மேலே சொன்னேன்.

முதலில், பக்கத்து வில்லா மாடி வீடா? மாடி இருந்தால் பால்கனி இருக்கும், பால்கனி இருந்தால் நம் மதிலுக்கு அர்த்தமில்லை. கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தரைத்தளம் மட்டும் உள்ள வரிசையில், ஓரத்து வில்லாவாகக் கேளுங்கள். ‘கடல் தெரிகிற’ வில்லா என்றால் கடற்கரையில் நடப்பவருக்கு நீங்களும் தெரிவீர்கள் என்று அர்த்தம். தோட்டம் பார்த்த வில்லாவில் மறைப்பு அதிகம், வாடகையும் குறைவு. நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

இரண்டாவது, ஊழியர்கள். குளத்தைச் சுத்தம் செய்ய ஒருவர் காலையில் தோட்டத்துக் கதவு வழியாக வருவார். எத்தனை மணிக்கு என்று கேட்டு, நமக்கு வசதியான நேரத்தைச் சொல்லிவிடலாம். பெண் ஊழியர் வேண்டும் என்றாலும் கேட்டுப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். கண்காணிப்புக் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். வாசலில் இருக்கலாம், குளத்தைப் பார்த்து இருக்கக் கூடாது.

மூன்றாவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். இந்த வில்லாக்களைப் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர்! எங்கள் அப்பா குளிக்கப் போனவர் அப்படியே திரும்பி வந்து, ‘என்னம்மா இது, மீன் தொட்டி மாதிரி இருக்கு’ என்றார். திரைச்சீலை இருக்கிறதா என்று தேடி, பொத்தானை அழுத்தினால் இறங்கும் திரை என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. மாமியார், மருமகன், சம்பந்தி என்று போகும் குடும்பம் இதை முன்கூட்டியே கேட்பது நல்லது.

சேலையோடு இறங்கலாமா? நைட்டி?

வேண்டாம். இது நாகரிகம் பற்றிய பேச்சு இல்லை. நனைந்த சேலை காலைச் சுற்றும், இடுப்பளவுத் தண்ணீரிலும் தடுமாறி விழ வைக்கும். நைட்டி காற்றடைத்துக் குடை மாதிரி மேலே கிளம்பும். பருத்தித் துணியின் பஞ்சும் சாயமும் போய் ஃபில்டரை அடைக்கும் என்று ரிசார்ட்டிலும் கோபப்படுவார்கள்.

முழுக்கை வைத்து, கணுக்கால் வரை வரும் நைலான் நீச்சல் உடை ஆன்லைனில் கிடைக்கிறது. தலைக்குத் தொப்பியோடு சேர்த்தே வரும். நான் மூன்று அளவில் வாங்கிப் போனேன். பார்த்ததும் ‘சர்க்கஸ்காரி மாதிரி இருக்கு’ என்று அத்தை சிரித்தார். மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு முதலில் வந்து நின்றதும் அவர்தான்.

வீட்டில் சத்தமாகக் கேட்க முடியாத ஒரு கேள்வி: அந்த நாளாக இருந்தால்?

பேட் தண்ணீரில் வேலை செய்யாது, ஊறிப் போகும். உள்ளே வைத்துக்கொள்ளும் டேம்பன் அல்லது மென்சுரல் கப் பழக்கம் இருந்தால் தாராளமாக இறங்கலாம். பழக்கம் இல்லாவிட்டால் அங்கே போய் முதல் தடவையாக முயற்சி பண்ண வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கலாமா?

இதைக் கேட்டது என் அப்பா, அதுவும் கேட்கும்போதே தேய்த்துக்கொண்டுவிட்டார். கூடாது. ஆற்றில் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே தண்ணீர் எங்கேயும் போகாது, அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். எண்ணெய் ஓரத்தில் வளையமாகப் படியும். மஞ்சளும் அப்படியே. எண்ணெய்க் குளியலை உள்ளே முடித்துக்கொண்டு, சீயக்காய் போட்டு அலசிவிட்டு வாருங்கள்.

தண்ணீரை தினம் மாற்றுவார்களா? குளோரின் வாடை?

மாற்றமாட்டார்கள், மாற்றவும் தேவையில்லை. எங்கள் குளம் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். அப்பா உடனே கணக்குப் போட்டார்: 21,600 லிட்டர். ‘ஒரு மா வயலில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல நிக்கும்’ என்றார். (ஒரு மா என்பது ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.) அதற்கப்புறம் இரண்டு நாளும் யார் தண்ணீரை வெளியே இறைத்தாலும் அவருக்கு முகம் சுண்டியது.

மோட்டார் தண்ணீரை இழுத்து, மணல் ஃபில்டர் வழியாக விட்டு, குளோரின் சேர்த்துத் திருப்பி அனுப்பும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தால் சரி. மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் குளோரின் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது பெரும்பாலும் தப்பு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் குளோரமைன்தான் அப்படி நாறும், கண்ணையும் எரிக்கும். வாடை இல்லாத குளம்தான் நல்ல குளம். அடியில் உள்ள ஓடு தெளிவாகத் தெரிய வேண்டும், சுவரைத் தொட்டால் வழவழக்கக் கூடாது. கலங்கலாக இருந்தால் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள், இறங்காதீர்கள்.

சில இடங்களில் ‘உப்புத் தண்ணீர்க் குளம்’ என்பார்கள். கடல் தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் இதில் 3, 4 கிராம்தான். அந்த உப்பிலிருந்து ஒரு கருவி குளோரினை உண்டாக்கும். கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும்.

நகை?

கழற்றி லாக்கரில் வைத்துவிடுங்கள். இரண்டு நாளில் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கறுத்துப் போகும். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், அதுதான் உண்மையான ஆபத்து. தாலிக்கொடி அவரவர் விருப்பம்.

சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் ஒரு ஆள் வேலை அது, சும்மா இல்லை.

பொதுக் குளத்தில் உயிர்காப்பாளர் இருக்கலாம். தனிக் குளத்தில் இருக்கமாட்டார். படுக்கையறையிலிருந்து ஐந்தாறு எட்டில் தண்ணீர். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘எல்லோரும் இங்கேதானே இருக்கிறோம்’ என்கிற நேரம்தான் மோசமான நேரம். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்போம், ஒருவரும் பார்த்திருக்கமாட்டோம்.

அப்பாதான் வழி சொன்னார். கடைமடையில் முறைத் தண்ணீர் விடுவது மாதிரி முறை போட்டோம். அரை மணிக்கு ஒருவர். முறைக்காரர் கையில் செல்போன் இருக்கக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது. அடுத்தவர் வந்து ‘என் முறை’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். சின்னவளுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருந்தோம். காற்றடைத்த கை வளையத்தை நம்பக் கூடாது, அது விளையாட்டுச் சாமான். ராத்திரி குளத்துப் பக்கக் கதவைப் பூட்டி, சாவியை மேலே வைத்துவிட்டோம். மேல் தாழ்ப்பாள் இருக்கிறதா, குளத்துக்குத் தடுப்பு வேலி போட்டுத் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

பெரிய பையன்களுக்கு வேறு ஆபத்து. மதகிலிருந்து தலைகுப்புறக் குதித்துப் பழகிய கூட்டம் நம்முடையது. நாலடிக் குளத்தில் அப்படிக் குதித்தால் தலை தரையில் மோதிக் கழுத்து எலும்பு முறியும். என் தம்பிக்கு வயது 34, அவனையே பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

ஏதாவது ஆகிவிட்டால், தலைகீழாகத் தூக்குவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் சினிமா. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டும், இன்னொருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருவராவது இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் வரலாமா?

அவர்கள்தான் வரவேண்டும். மார்பளவுத் தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கும் அத்தை, தண்ணீருக்குள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார், ‘வலியே தெரியலடி’ என்று சொல்லிக்கொண்டே. குளத்தில் இறங்கப் படிக்கட்டும் கைப்பிடியும் உண்டா என்று கேளுங்கள். செங்குத்து ஏணி மட்டும் இருந்தால் வேண்டாம். ஆபத்து தண்ணீரில் இல்லை, வெளியே வரும்போது ஈர ஓட்டில். ரப்பர் செருப்பு கட்டாயம்.

சாப்பாடு?

சுமார். காசுக்கு ஏற்ற ருசி இல்லை. வெளிச் சாப்பாடு கூடாது என்பார்கள். குழந்தைக்குக் கஞ்சி, வயதானவர்களுக்கு மாத்திரையோடு ஏதாவது என்றால் யாரும் தடுப்பதில்லை. காபிக்கு நாங்கள் கும்பகோணத்துப் பொடியும் ஃபில்டரும் கொண்டுபோனோம். அறையில் வெந்நீர்க் கெட்டில் இருக்கும், பால் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

‘மிதக்கும் டிபன்’ என்று ஒன்று உண்டு. பெரிய கூடைத் தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, குளத்தில் மிதக்கவிட்டுத் தருவார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும். என் பெரியவன் தட்டை எட்டிப் பிடித்தான், அது சாய்ந்தது, சாம்பார் 21,600 லிட்டரில் கலந்தது. குளத்தைச் சுத்தம் பண்ணி முடிக்கும் வரை மூன்று மணி நேரம் யாரும் இறங்க முடியவில்லை. இதற்குத் தனியாக 1,800 ரூபாய் வேறு.

பதினைந்து பேர் போகலாமா? சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வருகிறார்.

இரண்டு படுக்கையறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருப்பார்கள். ‘சொந்தக்காரங்கதானே, பாயைப் போட்டுப் படுத்துக்குவோம்’ என்பது அங்கே செல்லாது. பகலில் பார்க்க வருகிறவருக்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு. வயது வந்த எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும். சித்தப்பா சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் பாஸ்போர்ட்டும், விசா அல்லது ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) அசலாகக் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் ரிசார்ட்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்.

தனி வீடாக வாடகைக்கு விடுகிறார்களே, அது மலிவு இல்லையா?

மலிவு. அடுப்படி இருக்கும், நாமே சமைக்கலாம், கூட்டமாகப் போகலாம். ஆனால் நான் ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் புதுச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுக்குச் செல்போன் வழியாக அட்வான்ஸ் அனுப்பிவிட்டுப் போனோம். படத்தில் நீலமாக இருந்த குளம் நேரில் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. மோட்டார் ரிப்பேர் என்றார் வாட்ச்மேன். ஓனர் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் விடிய விடியக் குடியும் ஸ்பீக்கரும். நாலு மணி நேரம் பிள்ளைகளைச் சமாதானப்படுத்திவிட்டு வண்டியைத் திருப்பினோம். அட்வான்ஸ் போனது போனதுதான்.

எடுப்பதென்றால் அன்றைக்கே எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். முழுத் தொகையை முன்னால் கொடுக்காதீர்கள். ரிசார்ட்டில் நாம் கொடுக்கும் கூடுதல் காசு, நடு ராத்திரியில் ஏதாவது என்றால் போனை எடுக்க ஒரு ஆள் இருக்கிறாரே, அதற்கு.

மாலத்தீவு போனால் இதைவிட நன்றாக இருக்குமாமே?

நான் போனதில்லை, போய் வந்த நாத்தனார் சொன்னது: இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் தீவுக்குப் போக வேகப்படகு அல்லது கடல் விமானம், அந்தச் செலவு தனி. கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். ராத்திரி போய் இறங்கினால் மாலேயில் ஒரு நாள் தங்க வேண்டிவரும். ரிசார்ட்டில் தங்குபவருக்கு 2025இலிருந்து ஒரு நாளைக்குத் தலைக்கு 12 டாலர் பசுமை வரி. கும்பிட வைத்திருக்கும் குட்டிப் பிள்ளையாரைப் பெட்டியில் எடுத்துப் போகாதீர்கள், வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர அங்கே தடை.

கடைசியாக, அம்மா இறங்கினாளா இல்லையா?

முதல் நாள் இறங்கவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து முறை பார்த்தாள், எல்லோருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அம்மாவுக்கு 64 வயது. ஐப்பசி மாதக் கடைசி நாள், கடைமுழுக்குக்கு நம் ஊர்க் காவிரியின் துலாக் கட்டத்துக்கு வருஷம் தவறாமல் போகிறவள். மூன்று முங்கு, கூட்டத்துக்கு நடுவில், சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உடனே கரையேறிவிடுவாள். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் குடத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். முறைக்கு ஆள் இல்லையே என்கிற பயத்தில்தான் ஓடினேன். நான் வாங்கிப் போன மூன்றாவது உடையைப் போட்டுக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில், மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு மிதக்கத் தெரியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ‘பதினோரு வயசுல. மணல்மேட்டு ஆத்துல’ என்றாள். எத்தனை நேரமாக இருக்கிறாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

கடைமுழுக்கைத் தவறவிட்ட முடவன் ஒருவன் மறுநாள் வந்து சேர்ந்தானாம், அவனுக்கும் அதே புண்ணியம் உண்டு என்று சாமி சொல்லிவிட்டதாம். கார்த்திகை முதல் நாள் முழுக்குக்கு நம் ஊரில் அதனால்தான் முடவன் முழுக்கு என்று பெயர். அம்மா மிதந்தபடியே வானத்தைப் பார்த்து, ‘எனக்கு இது முடவன் முழுக்குடி’ என்றாள். நான் உள்ளே போய் எல்லோரும் எழுந்திருப்பதற்குள் படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டு, அவள் முறைக்கு நான் உட்கார்ந்தேன்.